கேட்காமல் நிரப்பிய கட்டங்கள்

கே.கே. நகர்,
22 ஆகஸ்ட் 1999

கல்யாணராமன் சாருக்கு, கலீமுல்லா வாயால் சொல்ல, வீட்டில் மனைவி ஜமீலுன்னிசா கையால் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். இரண்டும் ஒரே உடம்பில் தங்க முடியும் என்று போன டிசம்பரிலிருந்து தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, லஸ் கார்னரில் பழக்கடைக்கு முன்னால், "இனிமே உன்னோட பேச்சே கெடையாது சார்" என்று சொன்னேன். கடைக்காரர் சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பேச்சை நான் மாற்றவில்லை. என் மகன் ஹம்மாத் வீட்டுக்குப் போன் வாங்கி வைத்திருக்கிறான், அதிலும் பேச மாட்டேன். ஆனால் கடிதம் போட மாட்டேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கு எழுதத் தெரியாது என்பதால் அது வாயில் வரவில்லை. ஜமீலா எட்டாவது வரை படித்தவள். நான் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். கண் கிளினிக்கில் டாக்டர் பில் புத்தகம் தவிர நம் இரண்டு பேர் கைப்படாத காகிதம் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் நான் அட்டெண்டர், நீங்கள் கவுண்டரில் கிளார்க். என் ரேஷன் கார்டு, ஹம்மாத்தின் பள்ளிக்கூட விண்ணப்பம், மின்சார மீட்டருக்கு மனு, எல்லாம் உங்கள் எழுத்து. அந்த நம்பிக்கையில்தான் போன வருஷம் ஹஜ் விண்ணப்பத்தையும் உங்களிடம் கொடுத்தேன். நான் கச்சேரி ரோட்டு வீட்டை விட்டுக் கே.கே. நகருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பால் காய்ச்சிய அன்று நீங்கள் வந்தீர்கள். இரண்டு டம்ளர் குடித்தீர்கள். ஆனால் விண்ணப்பத்தில் பழைய வீட்டு விலாசம். ஹஜ் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் என் பெயர் வந்த கடிதம் பூட்டின வீட்டுக் கதவுக்கு அடியில் இருபத்திரண்டு நாள் கிடந்தது. வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது பதில் போட வேண்டிய தேதி முடிந்து நாலு நாள். எனக்கு வயது அறுபத்தாறு. இன்னும் எத்தனை குலுக்கலுக்கு முழங்கால் காத்திருக்கும் என்று தெரியவில்லை.

இந்த வருஷத்து விண்ணப்பம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி நாள் அக்டோபர் பதினைந்து. வடபழனியில் மனு எழுதும் மெஹபூப் பாஷாவிடம் கொடுத்து நிரப்பப்போகிறேன். உங்களிடம் வர மாட்டேன். இதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். வேறு காரணம் இல்லை.

கலீமுல்லா (கைநாட்டு)


அடையாறு, கஸ்தூரிபா நகர்,
29 ஆகஸ்ட் 1999

அன்புள்ள கலீம் பாய்,

உங்கள் கைநாட்டைக் கவரைக் கிழித்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். எத்தனை சம்பளப் பட்டியலில் பார்த்த விரல் அது.

சமாதானம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பழைய விலாசம் எழுதியது நான்தான். கவுண்டரில் உங்கள் பெயரை எழுதினால் அடுத்த வரியில் கச்சேரி ரோடு தானாக வரும், அது கைப்பழக்கம் என்று பன்னிரண்டாம் தேதியே சொல்ல வந்தேன். நீங்கள் ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். மெஹபூப் பாஷா நல்ல எழுத்துக்காரர் என்று கேள்வி. எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

இப்போது என் வீட்டுத் தொல்லை ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களைத் தவிர யாருக்கும் புரியாது. என் பெண் மாளவிகாவுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கம்பெனிக்கு வந்திருக்கும் வேலை எது தெரியுமா? நம் கண் கிளினிக். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு மூன்று கிளைக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கவுண்டர். ஜாவா என்று ஒரு பாஷையில் எழுதுகிறாள். நோயாளியின் நம்பரைத் தட்டினால் திரையில் ஒரு படிவம் வரும். பெயர், வயது, விலாசம், போன தடவை வந்த காரணம் எல்லாம் கட்டங்களில் ஏற்கெனவே நிரம்பியிருக்க வேண்டும். சின்ன டாக்டர் அவளிடம், "எங்க அப்பா காலத்துல கலீம் பாய்னு ஒருத்தர் இருந்தார். பேஷண்ட் மாடிப்படி ஏறும்போதே சீட்டு ரெடியா இருக்கும். எனக்கு அது வேணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அவள் நிரப்பத்தான் நிரப்பினாள். முதல் நாள் சோதனைக்கு ராஜகோபாலன் என்ற மாம்பலத்துக்காரர் நம்பரைத் தட்டினார்கள், அவர் விவரம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு அம்மாள். திரையில், "ராஜகோபாலன், வயது எழுபத்தொன்று." மூன்றாவது ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தை. அவளும் ராஜகோபாலன், எழுபத்தொன்று, இரண்டு கண்ணிலும் புரை.

அன்று ராத்திரி வீட்டில் அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் அதை எப்படிப்பா பண்ணிண்டு இருந்தேள்? எந்த இடத்துல நிரப்புவேள்?" என்று கேட்டாள். "என்னிடம் கை மட்டும்தான் இருந்தது. கண்ணும் ஞாபகமும் இன்னொருத்தர்ட்ட. அவர் இப்போ என்னோட பேசறதில்லை" என்றேன்.

பேச வேண்டாம். எழுதலாம் அல்லவா?

அன்புடன்,
கல்யாணராமன்


கே.கே. நகர்,
5 செப்டம்பர் 1999

கல்யாணராமன் சாருக்கு, கலீமுல்லா சொல்ல, ஜமீலுன்னிசா எழுதுவது.

ஆறு வயதுக் குழந்தைக்குப் புரை என்று படித்த இடத்தில் ஜமீலா சிரிக்க ஆரம்பித்து, கடிதத்தைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். நான் சிரிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறேன் என்பதால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

நாம் செய்ததில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழே செருப்பு விடும் சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்ப்பேன். "சார், மந்தவெளி டீச்சரம்மா, அறுபத்தொண்ணு டிசம்பர்ல முதல் கண்ணாடி, இப்ப படிக்க முடியலியாம்" என்பேன். மாடிப்படி பதினெட்டு. அந்தப் பதினெட்டுப் படிக்குள் நீங்கள் சீட்டை எழுதி முடிப்பீர்கள். காலையில் ஷட்டர் தூக்கும்போதே எழுதி வைத்தால் யார் பெயரை எழுதுவீர்கள்? முதலில் வந்தவர் பெயரைத்தான். உங்கள் பெண் ஷட்டர் தூக்கும்போது நிரப்பிவிட்டு, அதே சீட்டை வருகிறவருக்கெல்லாம் நீட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் படி ஏற ஆரம்பித்த பிறகு, கவுண்டரைத் தொடுவதற்கு முன்னால், அந்த ஆளுக்காக மட்டும் நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று அவள்தான் தேட வேண்டும்.

மெஹபூப் பாஷாவிடம் போனேன். நல்ல எழுத்துதான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததுமே, "தெரியும் பாய், தெரியும் பாய்" என்று எழுதுகிறார். படித்துக் காட்டச் சொன்னேன். தொழில் என்ற கட்டத்தில் கசாப்புக் கடை என்று இருந்தது. "நான் எப்பய்யா கடை வச்சேன்?" என்றேன். "இந்தப் பக்கத்துல கலீமுல்லான்னா கசாப்புக் கடைதானே பாய்" என்றார். அந்த விண்ணப்பம் வீணாயிற்று. இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெறுமையாக இருக்கிறது. நாள் போய்க்கொண்டே இருக்கிறது.

கலீமுல்லா (கைநாட்டு)


அடையாறு,
14 செப்டம்பர் 1999

அன்புள்ள கலீம் பாய்,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மாளவிகா தவறைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஜாவா வேலையில் சர்வ்லெட் என்று ஒரு ஆள் உண்டு. கவுண்டர் கிளார்க் மாதிரி. முதல் நோயாளி வரும்போது ஒரே ஒரு தடவை விழித்துக்கொண்டு, பிறகு நாள் முழுக்க எல்லோருக்கும் அவரே பதில் சொல்வார். இவள் விவரத்தை அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டாள். பையில் ஏதாவது இருந்தால் புதிதாகத் தேட வேண்டாம் என்றும் எழுதிவிட்டாள். அதுதான் ராஜகோபாலன். இருந்தாலும் உங்கள் ஷட்டர் கதையைப் படித்துவிட்டு, "எங்க டீம் லீடர் ஒரு மணி நேரம் போர்டுல வரைஞ்சு சொன்னதை இந்த மாமா ஒரு செருப்புச் சத்தத்துல சொல்லிட்டார்" என்றாள்.

இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் விவரம் சரியாக வருகிறது. ஆனால் வேறு ஒரு சங்கடம் முளைத்திருக்கிறது.

போன வியாழக்கிழமை சோதனைக்கு வந்த ஒரு அம்மாள் மந்தவெளியிலிருந்து அசோக் நகருக்குக் குடி போனவர். திரையில் பழைய விலாசம் நிரம்பியிருந்தது. அழித்துவிட்டுப் புது விலாசத்தைத் தட்டினார்கள். போன் நம்பரில் ஒரு எண் குறைந்துவிட்டது. படிவத்தை அனுப்பினதும், போன் நம்பரைச் சரி பார்க்கவும் என்று சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. அது நியாயம். ஆனால் விலாசம் மறுபடி மந்தவெளி. அவர்கள் கவனிக்கவில்லை, நம்பரை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டார்கள். மந்தவெளி என்றே பதிவாகிவிட்டது. கண்ணாடி தயாரானதும் தகவல் அங்கே போகும்.

காரணம் என்னவென்றால், படிவம் எப்போது திரையில் வந்தாலும் நிரப்பு என்று அந்தத் திரைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள். முதல் தடவை வருகிறதா, தப்பு என்று திரும்பி வருகிறதா என்று பக்கத்துக்குத் தெரியாது. வந்தால் நிரப்பும். மனிதர் திருத்தியதன் மேலேயே பழையதைப் போட்டு மூடிவிடும். அக்டோபர் முதல் தேதி டாக்டருக்கு முழுதாக ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு கம்பெனியைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். 

அவள் இதைச் சொன்னபோது என் கையில் காபி டம்ளர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். கலீம் பாய், உங்களிடம் நான் ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். மறைத்தேன் என்றில்லை, எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது.

போன அக்டோபரில் நீங்கள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "சார், இப்ப கே.கே. நகரு, மாத்திப் போடு" என்று சொன்னீர்கள். நான் கச்சேரி ரோட்டை அடித்து, கே.கே. நகர் என்று எழுதினேன். எழுதினேன், பாய். நீங்கள் பஸ் பிடிக்கப் போன பிறகு பார்த்தால், தகப்பனார் பெயர் கட்டத்தில் உங்கள் பெயரையே எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டது என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். கிழித்ததைப் பார்த்து எழுதவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதினேன். ஞாபகத்தில் கச்சேரி ரோடுதான் இருந்தது. நீங்கள் மசூதி வாசலில் வைத்துக் கைநாட்டு போட்டுக் கொடுத்தீர்கள்.

இதை நான் மாளவிகாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "எங்கேடி போறே?" என்றால், "ஆபீஸுக்கு. அப்பா, நீ புதுத் தாள் எடுத்ததுதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விண்ணப்பம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறதா? ஒரு ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா?

கல்யாணராமன்


கே.கே. நகர்,
20 செப்டம்பர் 1999

கல்யாணராமன் சாருக்கு, கலீமுல்லா சொல்ல, ஜமீலுன்னிசா எழுதுவது.

மாத்திப் போடு என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் அடித்து எழுதிய சத்தம்கூட நினைவிருக்கிறது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம். சொல்லியும் எழுதாத ஆளா இவர் என்று பத்து மாதமாக மனசுக்குள் ஒரே கேள்வி. எழுதினீர்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எழுதிவிட்டுக் கிழித்தீர்கள். அது வேறு தப்பு, கொஞ்சம் சின்னத் தப்பு.

உங்கள் பெண் ஓடினது சரியான இடத்துக்குத்தான். முதல் தடவை வருகிறவருக்கு ஒரு வாசல் வைக்கட்டும். நிரப்புகிறவர் அந்த வாசலில் மட்டும் உட்காரட்டும். தப்பென்று திரும்பி வருகிறவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. அவர் கையில் இருக்கும் அதே சீட்டை அவரிடமே கொடுத்து, எந்தக் கட்டம் தப்போ அதைக் காட்டினால் போதும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் இதற்குள் செய்திருப்பாள். என் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஹம்மாத்தை எழுதச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என்கிறான். ஆகவே வருகிற இருபத்தாறாம் தேதி ஞாயிறு நீங்கள் இங்கே வரலாம். நிபந்தனைகள் உண்டு. வீட்டிலிருந்து எதையும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, என்னைக் கேட்டு, பிறகு எழுத வேண்டும். என் பெயர் உட்பட. தப்பு வந்தால் புதுத் தாள் கிடையாது. நான் உங்களோடு பேச மாட்டேன். நீங்கள் ஜமீலாவைக் கேட்க வேண்டும், ஜமீலா என்னைக் கேட்பாள், நான் அவளிடம் சொல்வேன், அவள் உங்களிடம் சொல்வாள்.

ஒரு ஆளுக்குத்தான். ஜமீலா வர மாட்டாள். எழுபத்துநாலாம் வருஷம் ரம்ஜான் முடிந்த மறுவாரம், "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தேதிகூட நினைவிருக்கிறது.

கலீமுல்லா (கைநாட்டு)


அடையாறு,
2 அக்டோபர் 1999

அன்புள்ள கலீம் பாய்,

முதலில் நல்ல செய்தி. நேற்று டாக்டருக்கு ஓட்டிக் காட்டியாகிவிட்டது. டாக்டர் தானே உட்கார்ந்து, வேண்டுமென்றே தெருப் பெயரை மாற்றி, வேண்டுமென்றே வயதில் எழுத்தைத் தட்டி அனுப்பினார். வயதைச் சரி பார்க்கவும் என்று திரும்பி வந்தது. தெருப் பெயர் அவர் மாற்றினபடியே நின்றது. மூன்று தடவை தப்பாகவே அனுப்பினார். மூன்று தடவையும் நின்றது. "ஓகே, மண்டே எல்லா பிராஞ்சிலும் போட்டுடுங்க" என்றாராம். மாளவிகா நிரப்புகிற வேலையைத் திரைப் பக்கத்திலிருந்து எடுத்து, தனியாக ஒரு சர்வ்லெட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் முதல் வாசலில் ஒரு தடவை நிரப்பிப் பக்கத்தின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சரி பார்க்கிறவர் வேறு ஆள். அவருக்கு நிரப்பத் தெரியாது, தெரியவும் கூடாது.

அடுத்த விஷயத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போவதே ஜமீலா அம்மாதான். அம்மா, தயவுசெய்து எதையும் தாண்டாமல் படியுங்கள்.

இருபத்தாறாம் தேதி, உடன் வருபவர் என்ற கட்டத்தில் நான் நின்றதும், ஜமீலா அம்மா உங்களைக் கேட்பதற்கு முன்பே நீங்கள் "யாருமில்லன்னு போடச் சொல்லு" என்றீர்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. "யாரைக் கேட்டு யாருமில்லன்றீங்க?" என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "சார், பாத்தியா சார், எழுபத்துநாலுல இவதான் சொன்னா" என்றீர்கள். பத்து மாதத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து மாடிக்குப் போனவர் இறங்கவே இல்லை. நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

"நீங்க அப்படிச் சொன்னது உண்மையாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் சார். பக்கத்து வூட்டு ஹாஜியார் பம்பாயிலேர்ந்து கப்பல்ல போய்ட்டு வந்தாரு. போக வர வாந்தி எடுத்ததையே ஒரு வாரம் உக்காந்து சொன்னாரு. நான் கப்பல் வேணாம்னேன். இவரு மக்காவே வேணாம்னு வச்சிக்கினாரு."

"அப்புறம் நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"கேட்டா சொல்லலாம். இருபத்தஞ்சு வருஷமா எனக்கும் சேத்து இவரே பதில் சொல்லிக்கினு கீறாரு. யாரு வந்து கேட்டாலும், ஜமீலா வரமாட்டா, தேதிகூட ஞாபகம் கீதுன்னுவாரு. போன வாரம் உங்களுக்கு எழுதின கடுதாசில கூட அதையே சொன்னாரு. எழுதினேன். சொன்னத எழுதணும்னு ஒப்பந்தமாச்சே."

 பாய், உங்கள் ஞாபகத்தில் தப்பில்லை. அவர் சொன்னது நிஜம், தேதி நிஜம். ஆனால் ஹஜ் கப்பல் நின்றே நாலு வருஷம் ஆகிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஜித்தா. நான் கச்சேரி ரோட்டை எழுதியதும் இதுவும் ஒன்றா என்று கேட்டால் நீங்கள் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

உங்கள் விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு உங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். கையோடு வாங்கி வந்திருந்த இரண்டாவது விண்ணப்பம் ஒன்றையும் அதனோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள். ஒரு வாரமாக உங்களிடமிருந்து கடிதமும் இல்லை.

உங்கள்,
கல்யாணராமன்


கே.கே. நகர்,
7 அக்டோபர் 1999

கல்யாணராமன் சாருக்கு, கலீமுல்லா சொல்ல, ஜமீலுன்னிசா எழுதுவது.

மாடியில் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆளைப் படி ஏறும்போதே பார்த்து, ஊர் பேர் கண் நோய் எல்லாம் சொன்னவன் நான். எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற ஆளைக் கேட்கத் தெரியவில்லை. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் ரசம் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

உங்கள் கடிதத்தை அவள் எதையும் தாண்டாமல் படித்தாள். படித்து மடித்து வைத்துவிட்டு மறுபடி பூண்டை எடுத்தாள். நான் கேட்டேன்.

"வர்றியா?"

"எங்க?"

"மக்காவுக்கு."

"கப்பல்லயா?"

"கப்பல் நின்னு போச்சு. ஏரோப்ளேன்."

"அப்ப வர்றேன்."

அவ்வளவுதான், சார். எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் நாலு பல் பூண்டு உரிக்கிற நேரம். இதற்கு இருபத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பதில் தெரியும் என்பதால் விழுங்கிவிட்டேன்.

நேற்று இரண்டு பேரும் வடபழனி பஸ் டெப்போவுக்கு எதிரில் உள்ள ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் வரிசையில் நின்றது. நாங்களும் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று ஒருத்தர் கேட்டார். ஜமீலா, "நாங்க தனிக் கோஷ்டி" என்றாள்.

அவளுடைய விண்ணப்பத்தை நீங்கள் தொட வேண்டாம். அவளே எழுதிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கணவர் பெயர் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தி, "உங்க பேர எப்படிப் போடணும்?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருஷமாகக் கூட வாழ்கிறவள், உங்களுக்கு இத்தனை கடிதத்தில் என் பெயரை எழுதினவள், கேட்டாள்.  சொன்னேன். எழுதினாள்.

என் விண்ணப்பத்தில் பாக்கி இருக்கும் கட்டத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஞாயிறு பத்தாம் தேதி வாருங்கள். உடன் வருபவர் யார் என்று கேட்க வேண்டியது என்னை இல்லை, அவளை. மாளவிகாவையும் அழைத்து வாருங்கள், அன்று பிரியாணி இல்லை, உங்களுக்காகச் சாம்பார் சாதம். பேச்சு விஷயத்தில், எழுபத்துநாலு என்று வாய் தவறி ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்தினால் நன்றாக இருக்காது. பேசலாம்.

கலீமுல்லா (கைநாட்டு)


கே.கே. நகர்,
5 டிசம்பர் 1999

கல்யாணராமன் சாருக்கு, கலீமுல்லா சொல்ல, ஜமீலுன்னிசா எழுதுவது.

போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கக் கும்பகோணம் போயிருப்பதாக உங்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திரும்பி வந்ததும் கதவைத் திறந்தால் இது கிடக்கட்டும் என்று எழுதச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வந்து, எங்கள் கதவு நம்பரை உரக்கப் படித்துக் கவரைக் கொடுத்தார். உள்ளே இரண்டு பெயரும் இருக்கிறது. ஹம்மாத் மூன்று தடவை படித்தான். மார்ச் மாதம் போகிறோம். சம்மதம் எழுதி அன்றைக்கே அனுப்பியாயிற்று. தபாலாபீஸில் முத்திரை விழுகிற வரைக்கும் நான் நகரவில்லை.

இன்று காலை போகிறவர்களுக்காக மசூதியில் முதல் வகுப்பு நடந்தது. ஒரு தொண்டர் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நோட்டில் எழுதினார். எங்கள் முறை வந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "பாய், வூட்டுக்காரங்க பேரு, வயசு, உடம்புல ஏதாச்சும் கீதா?"

எனக்கு எல்லாம் தெரியும். பெயர் தெரியும். நிக்காஹ் நடந்த அன்று சொன்ன வயதோடு முப்பத்தெட்டைக் கூட்டினால் ஐம்பத்தொன்பது. எந்த முழங்காலில் வலி, எந்த வருஷத்திலிருந்து என்று தெரியும். உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. "அவங்களையே கேளுங்க" என்றேன்.

ஜமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். பெயரைச் சொன்னாள். முழங்கால் வலியே இல்லை என்றாள். வயது ஐம்பத்தேழு என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, சார்.

கலீமுல்லா (கைநாட்டு)